விரல் விரலாய்க் காய்த்த தக்காளி

வினோதாவுக்கு ஐந்தாம் மாதம் தொடங்கிய வாரத்தில்தான் அந்தத் தக்காளி பழுத்தது.

விதை பானு கொடுத்தது. கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் கார்களுக்கு வயர் கட்டும் கம்பெனி ஒன்றில் இருவரும் நான்கு வருஷம் எதிரெதிரே நின்று வேலை பார்த்தவர்கள். பானு கல்யாணமாகிப் பள்ளிப்பட்டுக்குப் போய்விட்டாள். தீபாவளிக்கு இந்தப் பக்கம் வந்தபோது, காலண்டர் தாளில் மடித்த ஒரு சிட்டிகை விதையை வினோதாவின் கையில் வைத்து அழுத்தினாள். "தக்காளி. ஊட்ல சும்மா குந்திக்கினு யோசன பண்ணாத, இத்தப் போட்டு வளத்துக்கினு இரு" என்று சொல்லிவிட்டு ரயிலைப் பிடிக்க ஓடினாள்.

வினோதா சும்மா உட்கார்ந்திருந்ததற்குக் காரணம் இருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன் தரித்த கரு மூன்றாம் மாதமே கலைந்துவிட்டது. இந்த முறை நாள் தள்ளிப்போனது உறுதியானதும், "நீ இனிமே கம்பெனி பஸ் ஏற வேணாம்" என்று ஹேமநாத் சொல்லிவிட்டான். அவனுக்கு இரும்பு வார்க்கும் கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷன் வேலை. அச்சிலிருந்து வரும் பாகங்களில் கோணலானதை, ஓட்டை விழுந்ததைப் பொறுக்கிச் சிவப்புப் பெட்டியில் போடவேண்டும். அவன் ஷிப்டுக்குப் போனபின் வீட்டில் வினோதா மட்டும்தான். வயிற்றில் ஒரு சின்ன வலி வந்தாலும் எழுந்துபோய்ப் பார்ப்பாள். ஒன்றும் இருக்காது. திரும்பி வந்து படுப்பாள். அரைமணி கழித்து மறுபடி எழுந்து போவாள்.

அவர்கள் குடியிருந்தது பச்சையப்பன் என்பவருடைய வீட்டின் பின்போர்ஷன். முன்பக்கத்தில் அவர் இருந்தார். மாடியில் தகரம் போட்ட அறைகளில் ஒடிசாவிலிருந்து வந்த பையன்கள். பின்போர்ஷனுக்கும் காம்பவுண்டுச் சுவருக்கும் நடுவில் நாலு முழ அகலத்துக்கு மண் கிடந்தது. சுவருக்கு அந்தப் புறம் ஒரு காலி மனை, அதையும் தாண்டினால் கம்பெனிகளின் முதுகுப்பக்கம். அந்த மண்ணைக் கொத்திவிட்டு வினோதா விதை போட்டாள். மூன்று செடி தேறியது. குடிக்க எல்லாருக்கும் கேன் தண்ணீர். குளிக்க, துவைக்க, செடிக்கு ஊற்ற எல்லாம் பச்சையப்பன் போட்ட போர் தண்ணீர்தான், அடுத்த வீட்டுக்கும் அதுதான். பிளாஸ்டிக் வாளியில் அரைநாள் நின்றால் அடியில் மஞ்சளாகப் படியும் தண்ணீர்.

பூக்கும்போதே பூ ஒருமாதிரி அகலமாக, நாலைந்து பூவைச் சேர்த்துத் தைத்ததுபோல இருந்தது. காய் வந்ததும் பூச்சி விழுந்துவிட்டது என்று நினைத்தாள். ஒரு காம்பில் ஒரு காய்தான். ஆனால் பத்துப் பன்னிரண்டு சின்னக் காய்களை ஒன்றாக நெருக்கி ஒட்டியதுபோல முண்டும் முடிச்சுமாக இருந்தது. சில முண்டுகள் நீண்டு, வளைந்து, மூடப்போகிற கைவிரல்களைப்போலத் தெரிந்தன.

ஹேமநாத் குனிந்து பார்த்துவிட்டுச் சிரித்தான். "எங்க கம்பெனின்னா இதுக்கு நேரா செவப்புப் பெட்டிதான்."

பழுத்த முதல் பழத்தைப் பறித்து, ஒரு முண்டைப் பிடித்து இழுத்தாள். சாறு சிந்தாமல், தோலோடு தனியாகக் கழன்று வந்தது. உப்பைத் தொட்டு வாயில் போட்டாள். மூன்று மாதமாக எதைத் தின்றாலும் குமட்டிய வாய்க்கு அந்தப் புளிப்பு அப்படிப் பிடித்துப்போனது. அன்று முழுப் பழத்தையும் சுவரோரம் நின்றே தின்றாள். அதற்கப்புறம் தினமும் ஒன்று, சில நாள் இரண்டு. சோறு இறங்காத நாளில் அதுதான் அவளுக்கு நாஷ்டா.

இரண்டு வாரம் இப்படிப் போனது. ஒரு புதன்கிழமை காலையில் அடுத்த வீட்டு குணசுந்தரி போர்வை உலர்த்த இந்தப் பக்கம் வந்தாள். நாற்பது தாண்டியவள், ஒரு கம்பெனி கேன்டீனில் பாத்திரம் கழுவுகிறாள். போன ஆடி மாதத்திலிருந்து அவளுடைய இரண்டு கைகளும் முழங்கை வரைக்கும் தடித்து, வெடித்து, தோல் உரிந்துகொண்டிருந்தன. செடியைப் பார்த்ததும் போர்வையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றுவிட்டாள்.

"இன்னா வினோதா இது?"

"தக்காளிக்கா."

"தக்காளின்றது தெரியுது. இன்னாத்துக்கு இப்டி வெரலு வெரலா மொளச்சிக்கினு கீது?"

"தெரிலக்கா. வெத அப்டியோ இன்னாவோ."

"வெதயா." குணசுந்தரி ஒரு பழத்தை நுனிவிரலால் தூக்கிப் பார்த்தாள். "நம்ம போரு தண்ணிய ஊத்தனா வேற எப்டி வரும்? என் கைய பாத்துக்கினுதான இருக்கற." பிறகு அவள் பார்வை வினோதாவின் வயிற்றுக்கு வந்தது. குரல் இறங்கியது. "நீ இத்தத் துன்னல இல்ல?"

"இல்லக்கா" என்றாள் வினோதா.

ஏன் அப்படிச் சொன்னோம் என்று அவளுக்கே தெரியவில்லை. குணசுந்தரி போனில் நாலு பக்கமும் படம் எடுத்துக்கொண்டு போனாள். மாலைக்குள் தெரு வாட்ஸ்அப் குழுவில் அந்தப் படம் வந்துவிட்டது. 'நம்ம தெரு போர் தண்ணியில் விளைந்த தக்காளி. குழந்தைகள் இருக்கும் வீட்டில் உஷார்' என்று கீழே எழுதியிருந்தது. யாரோ அதைப் பக்கத்து ஊர்க் குழுக்களுக்கும் தள்ளிவிட்டார்கள். சோழவரத்தில் இருக்கும் ஹேமநாத்தின் சித்தி போன் செய்து, இது உங்கள் தெருவா என்று கேட்டாள்.

வினோதா பானுவுக்குப் போன் போட்டாள். அணைத்து வைக்கப்பட்டிருப்பதாகக் குரல் வந்தது. கால்மணிக்கு ஒருதரம் போட்டாள். இரவு படுக்கும்வரை அதே குரல்தான்.

ஹேமநாத் கேட்டான். "நீ எத்தினி துன்ன?"

"ரெண்டு. ரெண்டே ரெண்டு."

"சரி வுடு. ரெண்டுல இன்னா ஆயிடப்போவுது" என்றான். ஆனால் வாயில் வைத்த சோற்றை வெகுநேரம் மென்றுகொண்டிருந்தான்.

அவள் மனசுக்குள் எண்ணிப் பார்த்தாள். பதினாலு நாள். பத்தொன்பது பழமோ இருபதோ. வயிற்றில் கை வைத்தாள். இப்போதுதான் நாலு நாளாக உள்ளே மீன் புரள்வதுபோல ஒரு அசைவு தெரியத் தொடங்கியிருந்தது. நேற்றுவரை அது வந்தால் சந்தோஷமாக இருந்தது. இன்று அது வந்ததும், உள்ளே இருப்பதன் கை எப்படி இருக்கும் என்று ஒரு நினைப்பு வந்தது. அந்த நினைப்பைத் தள்ளத் தள்ள, செடியில் தொங்கும் அந்தச் சிவப்பு முண்டுகள்தான் கண்ணுக்குள் வந்தன.

மறுநாள் பஜாரில் இருக்கும் டாக்டரம்மாவிடம் தனியாகப் போனாள். ஸ்கேன் அடுத்த வியாழன் என்று ஏற்கெனவே எழுதிக் கொடுத்திருந்தார். அதை முன்னால் எடுக்க முடியுமா என்று கேட்டாள்.

"எதுக்கும்மா அவசரம்? இன்னும் ஒரு வாரம் வளரட்டும், அப்பதான் எல்லாம் தெளிவாத் தெரியும்."

"தக்காளி நெறைய சாப்ட்டேன் டாக்டர்."

டாக்டரம்மா சிரித்தார். "தக்காளி சாப்பிட்டா ஒன்னும் ஆகாது." எழுதிக்கொண்டே, "கடையில வாங்கினதா?" என்று கேட்டார்.

"ஊட்ல வெளஞ்சது. சிப்காட் பின்னால."

பேனா ஒரு நொடி நின்றது. "சரி, இனிமே கடையில வாங்கிச் சாப்பிடு" என்று மட்டும் சொல்லி, மாத்திரைச் சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். அந்த ஒரு நொடியைத்தான் வினோதா ஆட்டோவில் வீடு வந்துசேரும்வரை நினைத்துக்கொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமைக்குள் குணசுந்தரியும் தெருப் பெண்களும் ஒரு மனு எழுதி, நாற்பது கையெழுத்து வாங்கி, தக்காளிப் படத்தையும் சேர்த்து மாசுக் கட்டுப்பாட்டு ஆபீசில் கொடுத்துவிட்டு வந்தார்கள். செவ்வாய்க்கிழமை தண்ணீர் எடுத்துப் பார்க்க ஆள் வரும் என்று பதில் கிடைத்தது. "மூணு வருசமா எழுதிக் குடுக்கறோம், ஒரு நாதியும் எட்டிப் பாக்கல. இப்ப பாரு, படத்தப் பாத்ததும் நாளு குறிச்சிட்டாங்க" என்று குணசுந்தரி எல்லாரிடமும் சொன்னாள்.

சனிக்கிழமை காலை பச்சையப்பன் பின்பக்கம் வந்தார். சத்தம் போடுகிற மனிதர் அல்ல. அன்று கண் தூங்காதவர்போலச் சிவந்திருந்தது.

"வினோதாம்மா, இந்தச் செடிய எடுத்துடு. அவங்க வர்றதுக்குள்ள இங்க ஒன்னும் இருக்கக் கூடாது."

"அண்ணா..."

"மேல இருக்கற பசங்க ரெண்டு பேரு காலி பண்றோம்னு சொல்லிட்டானுங்க. நாளைக்கு இந்த ஊட்ட எவன் வாங்குவான்? இருவது வருசம் ஷிப்டு பாத்துக் கட்டனதும்மா இது. நானும் இந்தத் தண்ணிலதான குளிக்கறேன், எனக்கு இன்னா ஆச்சு?"

பக்கவாட்டுச் சுவருக்கு மேலே குணசுந்தரியின் தலை தெரிந்தது. "செடிமேல கைய வெச்சா நல்லா இருக்காது, சொல்லிட்டேன்" என்றாள்.

"உன் கைக்கு வந்தது கேன்டீன் சோப்பு. அத்த என் போருமேல போடாத."

"பத்து வருசமா அதே சோப்புதான் போடறேன். போன வருசந்தான் வந்துச்சா?"

அன்றிலிருந்து இரண்டிரண்டு பெண்களாக வந்து, கீரை ஆய்ந்துகொண்டும் பூ கட்டிக்கொண்டும் அந்தச் செடிக்குப் பக்கத்தில் காவலாக உட்கார்ந்துகொண்டார்கள். வினோதாவிடம் எல்லாரும் அன்பாகத்தான் பேசினார்கள். ஆனால் ஒவ்வொருத்தியும் பேச்சு முடிவதற்குள் ஒருமுறையாவது அவள் வயிற்றைப் பார்த்தாள்.

சனி இரவு ஹேமநாத்திடம் சொன்னாள். "பானுவுக்குப் போனே போவல. அவ கைல கேட்டா தெரிஞ்சிடும். அவ போட்டிருந்தா அவுளுக்கு எப்டி காய்ச்சிதுன்னு தெரிஞ்சிடும்."

"நாளைக்கு எனக்கு லீவுதான. நான் போய்ப் பாத்துட்டு வரேன்."

"அவ்ளோ தூரம் வண்டிலயா?"

"இங்க குந்திக்கினு ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கினு இருக்கறதுக்கு அது தேவலாம்" என்றான்.

விடியற்காலையில் கிளம்பி ஊத்துக்கோட்டை, திருத்தணி என்று போனான். பானுவின் புருஷனுக்குப் பள்ளிப்பட்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் செருப்புக் கடை என்பது மட்டும்தான் தெரியும். வினோதா போனை மடியில் வைத்துக்கொண்டு உள்ளேயே இருந்தாள். பின்பக்கம் பெண்களின் பேச்சுச் சத்தம் கேட்டது. பத்துமணிக்கு ஒரு போன் வந்து பாய்ந்து எடுத்தாள். கேஸ் கம்பெனி. பதினொன்றுக்கு அவளாகப் போட்டாள், அவன் எடுக்கவில்லை. வண்டியில் போகிறவனுக்கு ஏதாவது ஆகிவிட்டதோ என்று புதிதாக ஒரு பயம் வந்து பழைய பயத்தின்மேல் உட்கார்ந்தது.

பன்னிரண்டரைக்கு ஹேமநாத் வீடியோவில் வந்தான். வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டிருந்தான். பக்கத்தில் பானு.

"ஏய் வினோ, என் போனு கெணத்துல வுழுந்துடுச்சுடி. நம்பரும் போச்சு. இவரு கடைல வந்து நின்னதும் எங்க ஆளு பயந்துட்டாரு, இன்னாவோ ஏதோன்னு."

"பானு, தக்காளி..."

"இரு இரு, காட்டறேன்."

படம் ஆடி ஆடிப் போனது. ஒரு கிணற்று மேடு, வாழை, பிறகு வரப்போரம் நாலு செடிகள். ஹேமநாத்தின் கை இலையை ஒதுக்கியது. உள்ளே சிவப்பாக, அதே முண்டு, அதே முடிச்சு, மூடப்போகிற விரல்கள்.

"வெதக் கண்காட்சில ஒருத்தர் குடுத்தாருடி. ஏதோ பேரு சொன்னாரு, மறந்துட்டேன். ஊருக்குப் போறவங்க எடுத்துக்கினு போவாங்களாம், கத்தி வேணாம், பிச்சிப் பிச்சித் துன்னலாம்னாரு. நான் உன்கைல சொல்லலியா?"

"சொல்லல" என்றாள் வினோதா. போனைப் பாயில் வைத்துவிட்டு, முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு அழுதாள். போனுக்குள்ளிருந்து பானுவும் ஹேமநாத்தும் மாறி மாறிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

அழுது முடித்ததும் அவளுக்கு முதலில் வந்தது பசி. இரண்டாவதாக வந்தது குணசுந்தரியின் நினைப்பு.

சாயங்காலம் அவளே அடுத்த வீட்டுக்குப் போனாள். குணசுந்தரி கைகளில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வினோதா எல்லாவற்றையும் சொன்னாள். தின்றதையும் சொன்னாள். ஹேமநாத் அனுப்பிய படத்தைக் காட்டினாள்.

குணசுந்தரி படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். எண்ணெய் பட்டுத் திரை வழுக்கியது.

"உனுக்கு பயம் போச்சு" என்றாள். "எனுக்கு?"

வினோதா போனை வாங்கி முந்தானையில் துடைத்தாள்.

"தண்ணி நல்லா இல்லன்றது பொய்யா? வாளில படியறது பொய்யா? இந்தத் தக்காளி இல்லன்னா அவங்க வரவே மாட்டாங்க. செவ்வாக்கெழம ஒரே ஒரு நாளு வாய மூடிக்கினு இரு. பொய் சொல்ல வேணாம். அவங்களா கேட்டா தெரிலன்னு சொல்லு. போதும்."

"சரிக்கா" என்றும் சொல்லாமல், "முடியாதுக்கா" என்றும் சொல்லாமல் வினோதா எழுந்து வந்தாள். ஒரு பயம் போன இடத்தில் இன்னொன்று வந்து நின்றது. இரவு திரும்பிய ஹேமநாத், "அந்தக்கா சொல்றதும் நாயந்தான்" என்றான். சிறிது கழித்து, "ஆனா நாளைக்கு பொய்யின்னு தெரிஞ்சா அப்புறம் எவனும் இந்தத் தெருவுக்கு வரமாட்டான்" என்றான்.

செவ்வாய்க்கிழமை பத்தரை மணிக்கு ஜீப் வந்தது. இறங்கியது ஒரு பெண் அதிகாரி, வினோதாவைவிட நாலைந்து வயது மூத்தவளாக இருக்கலாம். கூட இரண்டு ஆட்கள், ஐஸ் பெட்டி, கண்ணாடி பாட்டில்கள். பின்பக்கத்து நாலு முழ இடத்தில் இருபது பெண்கள் நெருக்கி நின்றார்கள். பச்சையப்பன் மோட்டார் சுவிட்சுக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

அதிகாரி தக்காளியைப் பறித்து உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இதை வச்சது யாரு?"

எல்லாரும் வினோதாவைப் பார்த்தார்கள். குணசுந்தரி மட்டும் தரையைப் பார்த்தாள்.

"நான்தான் மேடம்."

"விதை எங்க வாங்கினீங்க?"

வினோதா சுற்றி நின்ற பெண்களைப் பார்த்தாள். வயிற்றுக்குள் ஒரு புரளல் வந்து போனது. தெரியவில்லை என்ற சொல் நாக்கு நுனிவரைக்கும் வந்தது. அதைச் சொல்லிவிட்டு இந்தப் பெண்களோடு இதே தெருவில் நிம்மதியாக இருந்துவிடலாம். ஆனால் நாலு நாள் அவள் எதை நினைத்து நினைத்துச் செத்தாளோ, அதையே இங்கே இருக்கும் இன்னொருத்தி இன்றிரவும் நினைப்பாள். எதிர்வீட்டு அன்புவின் மனைவிக்கு இது எட்டாம் மாதம். அவளும் கூட்டத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"வெதையே அப்டி மேடம்" என்றாள் வினோதா. "பள்ளிப்பட்டுல என் பிரெண்டு ஊட்லயும் இதே மாதிரிதான் காய்ச்சிருக்குது. அங்க கெணத்துத் தண்ணி. இது தண்ணியால வந்ததில்ல."

யாரோ பின்னாலிருந்து, "அப்ப இத்தினி நாளு இன்னாத்துக்கு எங்கள இங்க குந்த வெச்ச?" என்றாள். எதிர்வீட்டுப் பெண் மட்டும் பெரிதாக மூச்சு விட்டாள்.

அதிகாரியோடு வந்த ஆள் ஐஸ் பெட்டியை மூடப்போனான். "மேடம், மனு தக்காளி பத்தினது. அப்ப தண்ணி எடுக்கணுமா?"

"எடுங்க மேடம்" என்றாள் வினோதா. அவள் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. "தக்காளிய வுட்டுடுங்க. அக்கா கைய பாருங்க. இந்த வாளிய பாருங்க. அஞ்சு மாசமா இதுலதான் குளிச்சிக்கினு இருக்கேன். தக்காளி நல்லா இருக்குதுன்னா தண்ணியும் நல்லா இருக்குதுன்னு ஆயிடுமா?"

அதிகாரி வாளியைச் சாய்த்து அடியைப் பார்த்தாள். குணசுந்தரியின் கையையும் பார்த்தாள். "தனியார் போர். ஓனர் சம்மதிச்சா எடுக்கலாம். யாரு ஓனர்?"

பச்சையப்பனின் கட்டிய கை இறங்கியது. வாரம் முழுக்கத் தூங்காத மனிதர். தக்காளி கோளாறு இல்லை என்று கேட்டதும் அவர் முகமே மாறிவிட்டிருந்தது. "எடுத்துக்கோம்மா" என்றார் தாராளமாக. "தாராளமா எடு. என் தண்ணிக்கு ஒன்னும் இல்லன்னு எழுதிக் குடு, நான் வாசல்ல மாட்டி வெக்கறேன்." அவரே மோட்டாரைப் போட்டார். பாட்டில்கள் நிரம்பின.

ஜீப் போனதும் கூட்டம் கலைந்தது. போகிற போக்கில் ஒருத்தி செடியைக் காலால் எத்திவிட்டுப் போனாள். குணசுந்தரி தன் வீட்டைப் பார்த்து நடந்தாள். வினோதா கூப்பிட்டபோதும் திரும்பிப் பார்க்கவில்லை.

வியாழக்கிழமை ஸ்கேன். பயம் போய்விட்டது என்றுதான் வினோதா நினைத்திருந்தாள். இருட்டு அறையில் வயிற்றில் ஜில்லென்று அந்தப் பசை பட்டதும் எல்லாம் திரும்பி வந்தது. ஸ்கேன் டாக்டர் தலை, முதுகு, இதயம் என்று சொல்லிக்கொண்டே போனார். பிறகு பேசாமல் கருவியை அழுத்தி அழுத்தி நகர்த்தினார்.

"கையை மூடிக்கிட்டு இருக்கு. விரலை எண்ண முடியல. வெளியே போய்க் கொஞ்சம் நடந்துட்டு, ஏதாவது ஜூஸ் குடிச்சிட்டு வாங்க."

வினோதா வெளியே வந்தாள். நீளமான வராந்தாவில் ஹேமநாத்தின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். இரண்டு சுற்று போனபின் நின்றாள்.

"ரெண்டு இல்லீங்க. இருவது துன்னேன்."

"தெரியும்" என்றான் அவன். "பத்தொம்போது. தெனமும் ஷிப்டுக்குப் போறப்ப செடியப் பாத்துட்டுத்தான் போவேன். காம்பு எண்ணிக்கினே இருந்தேன்."

"அப்ப ஏன் கேக்கல?"

"கேட்டா நீ இன்னும் பயப்படுவ." மாதுளை ஜூஸை அவள் கையில் கொடுத்தான். அவன் கண் ஸ்கேன் அறைக் கதவைவிட்டு நகராமல் இருந்ததை அப்போதுதான் அவள் கவனித்தாள். பயம் தன்னுடையது மட்டும் என்றல்லவா இத்தனை நாள் நினைத்திருந்தாள்.

இருபது நிமிஷம் கழித்து மறுபடி படுத்தாள். டாக்டர் திரையை அவள் பக்கம் திருப்பினார். சாம்பல் நிறத்தில் ஒரு கை, பூ விரிகிற மாதிரி திறந்தது.

"ஒன்னு, ரெண்டு, மூணு, நாலு, கட்டைவிரல். அடுத்த கையும் சரியா இருக்கு. எல்லாம் நல்லா இருக்கும்மா."

வினோதா, "இன்னொரு வாட்டி எண்ணுங்க டாக்டர்" என்றாள். அவர் இன்னொரு முறை எண்ணினார்.

தண்ணீர் ரிப்போர்ட் வர மூன்று வாரம் ஆனது. பச்சையப்பன் பெயருக்குத்தான் வந்தது. அவர் அதை வாசலில் மாட்டவில்லை. பின்பக்கம் எடுத்துவந்து ஹேமநாத்திடம் கொடுத்து, படிக்கச் சொன்னார். உப்பும் இரும்பும் அளவுக்கு மேல், குடிக்கவும் சமைக்கவும் உகந்ததல்ல, வேறு சிலவற்றுக்கு மறுபடியும் மாதிரி எடுத்துப் பார்க்கவேண்டும் என்று இருந்தது. எதனால் வந்தது என்று ஒரு வரியும் இல்லை.

"வேற சிலதுன்னா இன்னாது?" என்று கேட்டார் பச்சையப்பன்.

"போடலியேண்ணா."

"நான் இருவது வருசமா இதுலதான் வாய் கொப்பளிக்கறேன்" என்றார். தாளை வாங்கி மடித்தார், மறுபடி பிரித்தார். ஒரு வாரத்தில் பஞ்சாயத்து லாரி ஒருநாள் விட்டு ஒருநாள் தெருவுக்குத் தண்ணீர் கொண்டுவரத் தொடங்கியது. மறு மாதிரி எடுக்க யாரும் வரவில்லை.

வினோதா இப்போது லாரித் தண்ணீரில் குளித்தாள். ஹேமநாத் ஆரம்பாக்கம் பக்கம் வீடு பார்த்துக்கொண்டிருந்தான். குழந்தைக்கு விரல்கள் சரியாக இருந்தன. ஆனால் ஸ்கேனில் தெரியாதது என்னென்ன என்று யாரிடம் கேட்பது? சில நாள் அந்தக் கேள்வி அவளை விட்டுவிடும். சில நாள் காலையில் எழும்போதே பக்கத்தில் இருக்கும்.

ஒரு சனிக்கிழமை கேட் சத்தம் கேட்டுப் போனாள். குணசுந்தரி நின்றிருந்தாள். ஒரு மாதத்துக்கு மேலாக இரண்டு பேருக்கும் பேச்சில்லை. கைகளில் வெள்ளை மருந்து பூசியிருந்தாள். பெரியாஸ்பத்திரிக்குப் போகிறாள் என்று தெருவில் பேச்சு.

"புதுசா ஒரு மனு எழுதிருக்குது" என்றாள். "ரிப்போர்ட்டு நகலும் வெச்சாச்சு. மறுபடியும் தண்ணி எடுக்கணும்னு கேட்டிருக்குது. மொதக் கையெழுத்து ஓனர்து."

வினோதா தாளை வாங்கிப் படித்தாள். பச்சையப்பனின் கையெழுத்துக்குக் கீழே பதினோரு பேர்தான் இருந்தார்கள்.

"மத்தவங்க?"

"லாரி வருதுல்ல, போதும்ன்றாங்க. இன்னமும் உன்மேல கோவமா இருக்கறவங்களும் இருக்காங்க." குணசுந்தரி சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "எனுக்கும் இருந்திச்சு."

வினோதா கதவில் தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டாள்.

"திங்கக்கெழம திருவள்ளூர் கலெக்டர் ஆபீஸ்ல மனு வாங்குவாங்க" என்றாள் குணசுந்தரி. "நானும் ஓனரும் போறோம். நீ வர வேணாம், ரோடு சரியில்ல."

"நான் வரேன்கா."

"வயித்தோட வந்து இன்னா பண்ணப்போற?"

"அங்க தக்காளியப் பத்திக் கேப்பாங்க இல்ல. நான்தான சொல்லணும்."

திங்கட்கிழமை காலை மூன்று பேரும் பஸ் ஏறினார்கள். பச்சையப்பன் முன்னால் போய் டிரைவருக்குப் பின்னால் ஒரு சீட் பிடித்து, டிரைவரிடம் ஏதோ சொன்னார். டிரைவர் கண்ணாடியில் வினோதாவைப் பார்த்துத் தலையாட்டினார். குணசுந்தரி அவளை ஜன்னலோரம் உட்காரவைத்து, முதுகுக்குத் தன் துணிப்பையை அண்டக் கொடுத்தாள். பையில் காலி பாட்டிலில் பிடித்த போர் தண்ணீர் இருந்தது. அது முதுகில் உறுத்தியது. கவரைப்பேட்டை தாண்டும்போது குழந்தை அசைந்தது. வினோதா பாட்டிலைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டு சாய்ந்து உட்கார்ந்தாள்.